பதினொன்றில் ஒன்று

பீடோரில் ஞாயிறு.
ஆலை நின்றிருக்கும். கழிவுநீர்க் குளம் மட்டும்
விடுமுறை தெரியாமல் குமிழி விடும்.
நான் ஆய்வறைச் சாவியோடு வருவேன்.
மேனேஜருக்குத் தெரியும், தெரியாது.

இருநூறு புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பல்குச்சி,
ஆ லெங் கடையில் பாக்கெட் ஒரு வெள்ளி,
பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வெந்தது.
தொடு. இந்தத் தட்டில் ஒரு கோடு,
அந்தத் தட்டில் ஒரு கோடு.
குச்சியை எறி.

வைரஸை ஒரு லாரி என்று வைத்துக்கொள்.
கோலியின் உடம்பில் பெருகிக் கிளம்பும் அவசரத்தில்
தன் சாமானை விட்டுவிட்டு
வீட்டுக்காரனின் நூலில் ஒரு துண்டை ஏற்றிக்கொள்ளும்.
எப்போதாவதுதான்.
ஏற்றினால் வண்டி நிறைய,
அதற்கு மேல் ஒரு முழம் பிடிக்காது.
அடுத்த கோலியின் வாசலில் இறக்கிவிட்டுப் போகும்.
பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை
அடிக்கடி ஒன்றாய் வந்து இறங்கும்.
கண்ணால் காணாத தெருவுக்கு
வரைபடம் போட இது போதும்.

மூன்று மரபணு. பெயர் நீளம், மூடியில் இடமில்லை.
அ, இ, உ என்று கீறினேன்.
அ வந்து சேர்ந்த இருநூறில்
உ கூட வந்தது தொண்ணூற்று நாலு.
இ, பதினொன்று.
அந்தப் பதினொன்றில் பத்திலே உ-வும் உட்கார்ந்திருந்தது.
அப்படியென்றால் உ நடுவில்.
எஸ்.பி.எம். தமிழுக்கு உருப்போட்டதும் அதுதானே:
அ அங்கே, இ இங்கே,
உ இரண்டுக்கும் இடையே.
தனியாகச் சிரித்தேன்.

மீதி ஒன்று?
அ உண்டு, இ உண்டு, நடுவில் உள்ளது இல்லை.
நூலை நாலு இடத்தில் அறுத்து ஒட்டினால்தான் அப்படி ஆகும்.
பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுப் பூட்டினேன்.

சாயங்காலம் சங்கக் கிளையில் பாரம் நிரப்பும் வேலை.
தோட்டம் கைமாறிவிட்டது, லயங்கள் தரைமட்டம்,
வீட்டு எண் பதிவேட்டைக் கரையான் தின்றதாம்.
எண் இல்லையேல் இழப்பீடு இல்லை.
ஒரே வீட்டுக்கு மூன்று பேர் சத்தியம் செய்கிறார்கள்.
நான் எண்ணைக் கேட்கவில்லை.
உங்கள் அலமாரி யாருடைய கட்டிலோடு வந்தது, என்றேன்.

குணவதியின் அலமாரி பொன்னுரங்கத்தின் கட்டிலோடு.
பொன்னுரங்கத்தின் தையல் மிஷின்
சவரிமுத்துவின் கோழிக்கூண்டோடு.
நடை நடையாய் எழுத, லயம் எழுந்து நின்றது.
சிலர் சாமான் யாரோடும் சேரவில்லை.
பூஜ்யம் தூரத்தைச் சொல்லாது,
ஒரு லாரிக்கு அப்பால் என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

பதினான்காம் வீட்டுக்கும் பதினாறாம் வீட்டுக்கும்
பழைய தண்ணீர் பில் இருந்தது.
இரண்டும் ஒரே நடை.
இடையில் இருந்தேன் என்கிற வள்ளிக்கண்ணு
அந்த நடையில் இல்லை.
எந்த நடையிலும் இல்லை.
நீங்க அந்த லயம்தானாம்மா?
கேட்டபின் வாயைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை.
"மாட்ட ஏத்த மாட்டேன்னான்.
அப்ப நானும் ஏறலன்னேன்.
நெற செனை. தலையில ஒரு மூட்ட, கையில கயிறு.
ஒம்பது கட்ட நடந்தோம், விடிய விடிய."

வீட்டு எண் கட்டத்தில் பதினைந்து என்று எழுதினேன்.
சான்று என்ற கட்டத்தில்:
இரு பக்கத்தாரும் ஒரே லாரி, நடுவில் ஆள் இல்லை.
வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.
இல்லாததைப் போய்ச் சான்று என்கிறாயே?
ஆமாம், என்றேன். பதினொன்றில் ஒன்று அப்படி வரும்.
அவருக்கு விளங்கவில்லை. அடிக்கவும் இல்லை.

மாடு என்ன ஆச்சு, பின்னாலிருந்து யாரோ.
கன்னு போட்டுச்சு, என்றார் வள்ளிக்கண்ணு,
போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல.