மேற்படி

தேவகோட்டை சப் கோர்ட்டிலிருந்து
மஞ்சள் நோட்டீஸ் எனக்கும் ஒன்று வந்தது.
தபால்காரர் கையெழுத்து வாங்கும்போது
முகத்தைப் பார்க்கவில்லை.

கடன் கொடுத்தோர் பட்டியல்.
திருப்பூர் நூல் கம்பெனிகள் மூன்று,
கூட்டுறவு வங்கி,
கைமாற்றுக் கொடுத்த கோட்டையூர் ஆட்கள்,
லாரி செட்டு.
பதினேழாவதாக
தேனம்மை, க/பெ வைரவன்,
நகை வகையில் நாற்பத்திரண்டு பவுன்,
விலாசம் மேற்படி.

மேற்படி என்றால்
அதே அறை, அதே ஃபேன்.
கொடுத்தவளும் கடன்காரி
வாங்கியவரும் கடன்காரர்,
நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.
அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

கொழுந்தனார் ராத்திரியே வந்துவிட்டார்
பழைய முத்திரைத்தாளோடு.
அண்ணன் தன் பங்கைத் தம்பிக்கு
மூன்று வருஷம் முன்பே
விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தது.
"வீடு வெளியாள் கைக்குப் போகக்கூடாது அண்ணமிண்டி,
எல்லாம் அடங்கட்டும், திருப்பி எழுதித் தருகிறேன்."
சாட்சி போடவேண்டிய இடத்தில்
எனக்காகப் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி.

நான் போடவில்லை.
நியாயத்துக்காக என்று சொல்லமாட்டேன்.
"திருப்பி" என்று அவர் சொன்னபோது
கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு
வளவில் எங்கள் அடுப்புக்கு மட்டும்
யாரும் கறிவேப்பிலை கேட்டு வருவதில்லை.

அமீனா டேப்போடு வந்தார்.
பள்ளத்தூர் வீட்டில் எங்களுக்கு அரை வீசம்,
முப்பத்திரண்டில் ஒன்று:
இரண்டாம் கட்டில் அறை ஒன்று
எதிரே தூண் ஒன்றரை
முற்றத்தில் விழும் மழை பொது.
"பொதுவை எப்படிம்மா ஜப்தி எழுதுறது?"
என்னிடமே கேட்டார்.

மேல்வீட்டு அறையில்
என் சீர்ச்சாமான்களைத் திறந்து காட்டினேன்.
ஒரு அண்டாவைக் கவிழ்த்தார்.
அடியில் அப்பச்சி வெட்டச் சொன்ன எழுத்து,
சி.லெ.தே.
இவர் பெயர் எதிலும் இல்லை.
"இதையெல்லாம் தொடமுடியாது,
ஆனா வச்சிருக்கிற அறை போயிரும்" என்று
பேனாவை மூடினார்.

ஆடியில் கோயில் ஆள் வந்தார்,
புள்ளி வரி ரூபாய் ஐந்நூறு.
அந்த நோட்டில் மட்டும்
அரையும் வீசமும் இல்லை,
முழுசாக ஒரு புள்ளி நாங்கள்.
அவர் என்னைப் பார்த்தார்.
பருப்பு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"பதினேழாவது வரியில்
இதையும் சேர்த்து எழுதிக்கிடுங்க" என்றேன்.

சிரிக்கிறேனா என்று பார்த்தார்.
எனக்கே தெரியவில்லை.