பெரியதெல்லாம் பெண்

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை.
நான்காம் நாள் பழையாறு தானே மணலை முட்டி
பொழி முறிந்தது.

ராணித்தோட்டம் டெப்போவில் கடைசி வண்டிக்கு
பிரேக் பார்த்துக் கையெழுத்திட்டு,
டீசல் வாசம் போகாத விரல்களோடு
மணக்குடிப் பாலத்தடிக்கு வந்தேன்.
முந்தைய நாளே தூண்டிலின் எதிர்முள்ளை
அரத்தால் ராவி எடுத்திருந்தேன்.
குத்தும்; பிடித்து வைக்காது.
டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துத்தான்
ததேயுஸ் சிரித்தான்.
"பல்லப் பிடுங்கிட்டு பாம்பு வளக்கியோ?"

அவன் மீனுக்கு வரவில்லை.
அவன் வலை வீட்டுக் கூரைமேல்
தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.
கோயில் போர்டில் கமிட்டி ஒட்டிய தாள்
மழையில் ஊறி நீலமாய் வழிந்துகொண்டிருந்தது:
பொழி திறந்தால் நாற்பத்தைந்து நாள்
வாயை அடைத்து வலை கட்டக்கூடாது.
பெருவிரல் நுழையாத கண்ணி
எந்நாளும் கூடாது. மீறினால் ஐயாயிரம்.
கீழே ஒன்பது கையெழுத்துகள்.
ஏழாவது அவனுடையது.
அந்தக் கையைத்தான் அவன்
அன்றிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறான்.

"ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம்.
பிடிச்சு விடுகது ஒனக்கு வெளையாட்டு.
நான் பிடிக்காம விடுகேன், பாத்தியா,
அத யாரு போட்டோ எடுக்கா?"

பதில் இல்லாததால்
மடவைக் குஞ்சைக் கோத்து வீசினேன்.
கலங்கல் நீர் கயிற்றை இழுத்துப் பார்த்தது;
விட்டது; மறுபடி இழுத்தது.

சும்மா இருக்க முடியாமல் அவனே சொன்னான்:
"சின்னக் கொடுவாய அறுத்தா பாலு.
பெருச அறுத்தா எப்பவும் முட்டதான்.
பெருசுல ஒரு ஆண நான் கண்டதில்ல, கேட்டியா."
ஆணாய்ப் பிறந்து வளர்ந்தபின்
பெண்ணாய் மாறும் மீன் அது என்றேன்.
வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, "அப்போ நாங்க இத்தன வருசமா
வாயில வச்சு அடச்சது..."
என்று தொடங்கி
பீடியைப் பற்றவைத்தான்.

ஒரு மணிக்குப் பிறகு அடித்தது.
ரீல் அலறியது. தண்ணீருக்கு மேல் ஒருமுறை
கதவு திறந்ததுபோல் வெள்ளி.
இருபது நிமிடம். என் தோள் என்னுடையதாயில்லை.
சிரித்தவன்தான் நெஞ்சளவு நீரில் இறங்கி
வயிற்றுக்கடியில் இரு கையும் கொடுத்து
அவளைத் தாங்கினான்.

பதினொரு கிலோ இருக்கும். கிலோ எழுநூறு.
மகளின் நர்சிங் பீஸ் ஒரு தவணை.
அவன் உதடு கூட்டிப் பெருக்குவதை
நானும் கேட்டேன்.
அந்தத் தாளில் தூண்டிலைப் பற்றி
ஒரு சொல்லும் கிடையாது.

"வேணும்னா எடுத்துக்கோ" என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது
எவ்வளவு மலிவான கொடை.

செவுள் திறந்தது, மூடியது.
அவன் முகம் ஏறியது, இறங்கியது.
"நீ பிடிச்சத நான் வித்தா
கூரையில கெடக்க வலைக்கு என்ன மரியாத?"
கேட்டது என்னையல்ல.
முள்ளைக் கழற்ற நான் குனியும் முன்பே
அது தானாய் வழுக்கி வந்துவிட்டது.
அவள் தலையை ஓட்டத்துக்கு எதிராய்த் திருப்பினான்.
மூச்சு தேறும்வரை பிடித்திருந்தான்,
தேறிய பின்னும் கொஞ்சம் பிடித்திருந்தான்.

வால் அவன் முகத்தில் அடித்துவிட்டுப் போனது.

கரையேறி, நனைந்த பீடிக்கட்டைப் பிதுக்கி எறிந்து,
"நூறு ரூவா வச்சிருக்கியா,
வர்ற வெள்ளிக்கெழம தாரேன்" என்றான்.
கொடுத்தேன். உள்ளங்கை இன்னும் வழவழத்தது.

பொழிக்கு வெளியே, அவள் போன திசையில்,
கமிட்டித் தாள் எட்டாத கடலில்
விசைப்படகுகளின் விளக்குகள்.
இருவரும் நின்று பார்த்தோம்.
"மூணு" என்றான்.
நான் எண்ணியபோது நான்கு.