பூச்சியம் எழுதும் வேலை

கூத்தப்பாக்கத்தில் எனக்கு எண்ணூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.
இரண்டு மாதத்துக்கொரு முறை
நாய்களையும் கேட்டுகளையும் தாண்டிப் போய்
எண்ணைக் குறித்துவிட்டு வருவேன்.
இந்த முறை அறுபத்து மூன்றில் பூச்சியம்.

பூச்சியம் என்றால் மாடியில் யாரும் இல்லை.
பெயின்ட் அடித்திருக்கும். குழாய் மாற்றியிருக்கும்.
ஜன்னல் கம்பியில், டு-லெட் பலகை கட்டியிருந்த
சணல் மட்டும் தொங்கும்.
கேட்டால், மகன் மஸ்கட்டிலிருந்து வருவான் என்பார்கள்,
சாமான் போட்டிருக்கிறோம் என்பார்கள்,
சிப்காட் பையன்கள் சரிப்பட மாட்டார்கள் என்பார்கள்.
பிறகு கேட் வரை வந்து, குரலை இறக்கி,
“உள்ள விட்டா வெளிய அனுப்ப முடியாதும்மா.”

நானும் வீடு தேடுகிறேன் என்று
அவர்களிடம் சொல்வதில்லை.
கையில் கருவி இருக்கும்வரை நான் அரசாங்கம்.

அந்த வருஷம் நான் அரசாங்கம் இல்லை.
ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.
கடைக்குப் பூட்டு.
மாசிலாமணியின் சுற்றுலா வேன்
கெடிலக்கரையில் நின்ற இடத்திலேயே காற்றிறங்கியது.
வாடகை பாக்கிக்காக யாரையும் வெளியேற்றக் கூடாது:
டிவியின் அடியில் அந்த வரி ஓடியபோது
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
இரண்டாம் முறை வரும்வரை நின்று படித்தேன்.
அன்றிரவு தூங்கினேன். அதை மறுக்க மாட்டேன்.

ஏழு மாதம்.
கீழ்வீட்டில் அஞ்சலாட்சி, ஓய்வுபெற்ற கிராம செவிலியர்.
மாடி கட்ட வாங்கிய கடனில்
தவணையைத்தான் தள்ளிவைத்தது வங்கி,
வட்டியை அல்ல.
படியில் எதிர்ப்பட்டால்
இருவரும் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினோம்.
அவ்வளவு பழுது அந்த மோட்டாருக்கு எப்போதும் வந்ததில்லை.

யாரும் போகச் சொல்லவில்லை. நாங்களாகத்தான் போனோம்,
வண்டிப்பாளையத்தில் ஒற்றை அறைக்கு.
ஏழில் நான்கைக் கொடுத்தாயிற்று.

இன்று அந்த வீட்டின் முறை.
மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி.
வெள்ளை அட்டையை விரிக்கிறேன்.
62. 58. 71.
மின்விசிறியை நிறுத்தி நிறுத்திப் போட்ட மூன்று வரி.
நூறுக்குள் என்பதால் இலவசம்,
வாரியத்துக்கு நாங்கள் ஒரு பைசா பாக்கியில்லை.
அதன் பிறகு பூச்சியம், பூச்சியம்,
சில வரிகளுக்குப் பின் பூச்சியங்கள்
என் கையெழுத்துக்கு மாறுகின்றன.

“மாடி சும்மாத்தான் கிடக்கா?”
“கிடக்கட்டும். சும்மா கிடந்தா என்னை யாரும்
கடன்காரி ஆக்க மாட்டாங்க.”
சற்று நின்று,
“நீ நல்லவதான். யார்கிட்ட வேணா சொல்வேன்.
ஆனா நாளைக்கு இன்னொரு உத்தரவு வந்தா
உன் நல்லகுணத்தை நான் எந்த பேங்க்ல கட்டுறது?”

என்னிடம் ஒரு பதில் இருந்தது.
அந்த உத்தரவு இல்லையென்றால்
நாலு வயசுப் பிள்ளையோடு நான் எந்தத் தெருவில் நின்றிருப்பேன்?
பிரசவ வார்டில் முப்பது வருஷம் இருந்தவர்,
அவருக்கு அது தெரியாமல் இல்லை.
தெரிந்துதான் பூட்டியிருந்தார்.

கருவியில் பூச்சியத்தை அழுத்தினேன்.
கைப்பையிலிருந்து ஐந்நூறு எடுத்து நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
“அட்டையில குறிச்சு வை” என்றார்.

இது வாரியத்தின் அட்டை, இதில் கூடாது என்றேன்.

“எழுதும்மா.
அதுல காலி இடம் நெறைய இருக்கு.”