மூன்றாம் மூட்டை

அன்று எனக்கு ஐந்து டாலர் சம்பளம்,
இரண்டு கண்.
ஒன்பது பேருக்கும் ஒன்பது பேருக்கும் நடுவே
அம்பயர் என்று நான் ஒருத்தன்தான்.
இன்னொருத்தனுக்கு லீக்கிடம் காசில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு, செப்டம்பரின் கடைசிச் சனி.
ஓஹையோ ஆற்றங்கரையில் வெல்டன் ஃபெர்ரி.
கண்ணாடி ஆலையில் பகல் ஷிப்ட் விட்டதும்
கூட்டம் கழுவாத முகத்தோடு வந்து
கயிற்றுக்கு அப்பால் புல்லிலேயே நின்றது.

மூன்றரை மணிக்கு வெள்ளையாக இருந்த பந்து.
அதே பந்துதான்.
புகையிலை எச்சில், அதிமதுரம், சேறு
(ஓட்டோ கிரெப்ஸ் அதற்கு ஊட்டாதது ஒன்றுமில்லை)
பதினாலாவது இன்னிங்ஸில் அது
சுட்ட கத்தரிக்காய்.
அடித்தால் 'டக்' என்காது,
'பொத்' என்னும்.

ஒன்றுக்கு ஒன்று.
நாலாவதில் அவர்கள், ஏழாவதில் இவர்கள்.
அதற்கப்புறம்
யாரும் வீடு போய்ச் சேரவில்லை.

ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கிரெப்ஸ்
வலது கையை இடது கையால் தூக்கி
இடுப்பில் வைத்துக்கொண்டான்,
அடுத்த வீட்டுக் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல.

இருட்டிவிட்டது, சமன் என்று
பதின்மூன்றாவதிலேயே சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
எனக்கும் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

இரண்டு பேர் அவுட். இரண்டாம் மூட்டையில் லெம் ஸ்ப்ராக்.
வலப்புறக் கயிற்றை நோக்கி ஒரு அடி.
பிடித்தானா, தரையில் பட்டதா?
அதைப் பார்க்கத் திரும்பினேன்.
பட்டது. புல்லில் ஒருமுறை துள்ளியது,
சத்தியமாகப் பார்த்தேன்.
இந்தப் பக்கம் திரும்பினால்
ஸ்ப்ராக் வீட்டுத் தட்டில் சறுக்கி எழுந்து
தொடைப் புழுதியைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.
அவ்வளவு சீக்கிரம்.
அவன் அவ்வளவு வேகக்காரன் இல்லை.

மூன்றாம் மூட்டைக்காரன் வென்ஸல் கோச்
வாய் திறக்கவில்லை. விரலை நீட்டினான்,
முதலில் மூட்டையை,
பிறகு அதற்கு நாலு முழம் உள்ளே
ஆணிச்செருப்பு புல்லில் கிழித்த கோட்டை.
மத்தியானத்திலிருந்து பதினெட்டுப் பேர் ஓடிய புல்.
கோட்டில் பெயரா எழுதியிருக்கிறது?

"பாத்தீங்களா?" என்றான் கிரெப்ஸ்.
"இல்லை."
"அப்போ?"
"பார்க்காததை அவுட் என்று சொல்ல
எனக்கு வாய் இல்லை."

கூட்டத்துக்கு இருந்தது.
வாயும், கையில் பாட்டிலும்.

பாட்டில் தீர்ந்ததும் ஆட்டம் தொடர்ந்தது.
உள்ளூர்க்காரர்கள் மூன்று பேர் வந்து
இருட்டை அடித்துவிட்டுப் போனார்கள்.
இரண்டுக்கு ஒன்று.
கிரெப்ஸ் அந்தப் பந்தைத் தேடிப் பொறுக்கிவந்து
என் கோட்டுப் பையில் போட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஒன்பதரை ரயிலில் ஜெயித்தவர்களோடு ஒரே பெட்டி.
வேறு ரயில் கிடையாது.
காதோடு சேர்த்துக் கைக்குட்டை கட்டியிருந்தேன்.
அவர்கள் வேர்க்கடலை உடைத்தார்கள், பாடினார்கள்.
ஸ்ப்ராக் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ஆற்று வளைவில் வண்டி குலுங்கியபோது
தண்ணீர் குடிக்க எழுந்து வந்தான்.
நடைவழியின் ஒவ்வொரு இருக்கையின் முதுகையும்
உள்ளங்கையால் தொட்டு,
நின்று,
அடுத்ததைத் தொட்டு,
என்னுடையதையும் தொட்டு.

ஒன்றைக்கூட விடவில்லை.
இந்த முறை நான்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.