எட்டாம் மாடியில் இறங்கிவிடுகிறேன்

புக்கிட் பாத்தோக் பலதுறை மருந்தகத்தில்
தாதி ஹஸ்லிண்டா ஒரு தாள் தந்தாள்.
முப்பது கட்டங்கள்,
கட்டத்துக்கு ஒரு சிரிப்பு முகம்.
தினமும் ஏதாவது ஒன்று செய்யுங்கள் மேடம்,
செய்ததும் முகத்துக்கு வண்ணம் தீட்டுங்கள்.
எனக்கு வயது நாற்பத்தொன்பது.
சரக்குக் கணக்கில் ஒரு புள்ளி தவறினால்
மூன்று நாட்டுக்குக் கூப்பிட்டுத் திட்டுகிறவள்.
சரி என்று கைப்பையில் மடித்துப் போட்டேன்.

முதலில் சர்க்கரையை விட்டேன்.
"தே ஓ கோசோங்" என்று கடைக்காரர்
உள்ளே பார்த்து உரக்கச் சொன்னபோது
என்னைப் பற்றி ஏதோ அறிவித்தது போலிருந்தது.
கோசோங் என்றால் வெறுமை.
ஊதி ஊதிக் குடித்தேன்.
நாலாம் நாள், கசப்புக்குப் பின்னால்
தேயிலையில் வேறொன்று இருப்பது தெரிந்தது.
ஐந்தாம் நாள் ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

பிறகு தொலைபேசி.
இரவு பத்தரைக்கு
அரிசி டப்பாவுக்குள் புதைத்து மூடினேன்.
படுக்கையில் கை தானாகத்
தலையணைக்கடியில் துழாவியது,
குட்டியைத் தேடும் பூனை மாதிரி.
எண்ணங்கள் எல்லாம்
எண் சீட்டு வாங்கியவர்களாக வரிசையில் வந்தன,
பத்து வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில்
நான் தப்பாக உச்சரித்த பெயர் உட்பட.
ஒவ்வொன்றாக உட்காரச் சொன்னேன்.
கடைசி எண்ணை அழைத்ததாக நினைவில்லை.
காலையில் அலாரம் அரிசிக்குள் முனகியது.

தேசிய சேவையிலிருந்து
வார இறுதிக்கு வந்த மகன் டப்பாவைத் திறந்தான்.
"அம்மா, தண்ணிக்குள்ள விழுந்திருச்சா?"
விழுந்தது அதுவல்ல என்று சொல்லவில்லை.
ஆமாம் என்று தலையாட்டினேன்.

அப்புறம் படி.
வீடு பதினோராம் மாடி.
மின்தூக்கியில் எட்டை அழுத்தி இறங்கிக்கொள்வேன்.
மிச்சம் ஐம்பத்து நான்கு படிகள்.
முழங்கால்கள் ஆளுக்கொரு புகார் எழுதின.
ஒன்பதாம் மாடித் திருப்பத்தில்
இயோ என்பவர் தட்டில் ஆரஞ்சுத் தோல் காயவைப்பார்.
நான் மூச்சு வாங்கி நிற்பேன்.
அவர் தோலைத் திருப்பிப் போடுவார்.
"மக்கான்?" என்பார்.
"மக்கான்" என்பேன்.
கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே சொல்.

டிசம்பரில் மழை.
அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு.
நேராகப் பதினொன்றை அழுத்தினேன்.
தீட்டாத முகங்களும் சிரித்துக்கொண்டேதான் இருந்தன,
அதுதான் அவற்றிடம் எனக்குப் பிடிக்காதது.
சர்க்கரை ஒன்றரைக் கரண்டிக்கு வந்தது.
இரவு இரண்டு மணிக்கு
யாரோ எங்கோ கட்டும் வீட்டின்
குளியலறை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஏனென்று தெரியாது, விரல் எட்டுக்குப் போனது.
இயோ தட்டிலிருந்து நிமிர்ந்தார்.
மக்கான் என்று கேட்கவில்லை.
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.
பிறகு ஒரு விரல்.
பதினொரு நாள்.
காய்ச்சலா என்பதற்குத்
தன் நெற்றியையே தொட்டுப் பார்த்தார்.
இல்லை, சோம்பல் என்றேன்,
எந்த மொழியில் என்று நினைவில்லை.
சிரித்தார். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை.

என் அடிகளைக் கைக்கடிகாரம் எண்ணுகிறது.
என் இரத்தத்தை மருந்தகம் எண்ணுகிறது.
நான் வராததை ஒருவர்
ஆரஞ்சுத் தோலுக்கு நடுவே எண்ணியிருக்கிறார்.
பத்தாம் மாடிக்குச் சற்றுக் கீழே
சுவரைப் பிடித்து நின்றேன்.
மூச்சு வாங்கத்தான்.

மாதக் கடைசியில் பதினாறு முகங்களில் வண்ணம்.
மூன்றுக்கு மீசை வரைந்திருந்தேன்.
ஹஸ்லிண்டா ஒன்றும் சொல்லவில்லை.
சர்க்கரை அளவு துளி இறங்கியிருந்தது,
கொண்டாடும் அளவுக்கு இல்லை.
இன்னொரு தாள் தந்தாள்.

இப்போது மணி பத்தரை.
டப்பாவில் அரிசி குறைந்துவிட்டது.
எவ்வளவு புதைத்தாலும்
தொலைபேசியின் ஒரு மூலை வெளியே தெரிகிறது.
நாளை ஐந்து கிலோ மூட்டை வாங்க வேண்டும்.
அதைத் தூக்கிக்கொண்டு
எட்டில் இறங்குவதா பதினொன்றிலா என்பதை
இன்றிரவே முடிவு செய்ய வேண்டாம்.