பதினேழாவது வரிசை

செவ்வாய்க்கிழமை இரவு வகுப்பு.
ஓயார்சுன் பலகையில் இரண்டு வட்டம் போட்டு
நடுவே ஓர் அம்பு விட்டார்.
இது சாரா மாறி, அது சார்ந்த மாறி.
தகரக் கூரையில் மழை
எதையும் சாராமல் பெய்துகொண்டிருந்தது.
புவேர்ட்டோ மோன்ட்டில் மழையை யாரும்
மாறி என்று சொல்லமாட்டோம்.

என் அம்பு
மேற்பார்வையாளரின் நடத்தையிலிருந்து கிளம்பி
வேலையை விட்டு நிற்கும் எண்ணத்தில் போய்த் தைக்கவேண்டும்.
களம்: சால்மன் ஆலை, துண்டுபோடும் பிரிவு, இரவு முறை.
முன்மொழிவு மூன்று தடவை திரும்பி வந்தது.
'ஏன்' என்று தொடங்கிய கேள்வியை
'எந்த அளவுக்கு' என்று மாற்றியதும்
கையெழுத்துப் போட்டார்.

முப்பத்திரண்டு வாக்கியங்கள், ஆளுக்கு ஒரு தாள்,
வாக்கியத்துக்கு ஐந்து கட்டம்.
உணவு இடைவேளை இருபது நிமிடம்;
கையுறை கழற்ற நான்கு, மாட்ட நான்கு,
மிச்சத்தில் சூப்,
மிச்சத்தின் மிச்சத்தில் நான்.
விரல் மரத்தவர்கள் பேனாவைக் கத்திபோலப் பிடித்தார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு பேர் என் மாதிரி.
பாதிப்பேர் ஆளுக்கொரு கட்டத்தைப் பிடித்துக்கொண்டு
ஏணி இறங்குவதுபோல் அதிலேயே இறங்கிவிட்டார்கள்.
மென்பொருளுக்கு ஏக மகிழ்ச்சி:
நம்பகத்தன்மை, பூஜ்யம் புள்ளி ஒன்பது மூன்று.

எர்சிலியா கட்டங்களைத் தொடவேயில்லை.
'என் மேற்பார்வையாளர் என்னை மதிக்கிறார்.'
அதன் ஓரத்தில் எழுதியிருந்தாள்:
ஆலையிலா, வீட்டிலா? அவன் என் தம்பி.
கீழே கைபேசி எண்.

அவள் சமையலறையில் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
ஒலிப்பதிவில் பாதி கெட்டில்தான்.
கழிப்பறைக்குப் போகும் நேரத்தை எல்லோருக்கும் குறிப்பானாம்.
எனக்கு மட்டும் ஒரு நிமிடம் கூட்டிக் குறிப்பான்,
அக்காவுக்குச் சலுகை என்று
யாரும் வாய் திறந்துவிடக் கூடாதாம்.
ஞாயிற்றுக்கிழமை வந்து விறகு பிளப்பான்,
வாரத்துக்கும் அடுக்குவான், போய்விடுவான்.
தேநீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டான்.

பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
(இடைவெளி, 41 வினாடி) என்று தட்டினேன்.
குறியீட்டுப் பட்டியலில் அந்த நாற்பத்தொன்றுக்கு
இடம் தேடினேன். 'பங்கு முரண்' என்று போட்டேன்.
அழித்தேன். மறுபடி அதையே போட்டேன்.
அன்றிரவு என் அம்பு தானாகவே வளைந்தது.
அத்தியாயம் நான்கு முழுக்க
அவள் சமையலறையில் எழுதிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை அழைத்தாள். வேண்டாம், எடுத்துவிடு.

பெயரை மாற்றுகிறேன் என்றேன்.
தம்பியை மைத்துனனாக்குகிறேன்,
சால்மனைச் சிப்பியாக்குகிறேன்.
சிரித்தாள். மீனை மாற்றலாம், பெண்ணே,
விறகை எங்கே ஒளிப்பாய்?

ஒப்புதல் படிவம், பிரிவு ஆறு:
எந்தக் கட்டத்திலும், காரணம் கூறாமல்,
பங்கேற்பாளர் விலகிக்கொள்ளலாம்.
வேறொரு ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியது.
அவளுக்கு வாசித்துக் காட்டியபோது
அந்த வரியில்தான் வேகமெடுத்தேன்.
அதைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

கோப்பை அழித்தேன். நகலை அழித்தேன்.
குறிப்பேட்டில் ஏழு பக்கம் கிழித்து அடுப்பில் போட்டேன்;
ஈரத் தாள், புகைந்துகொண்டே கிடந்தது.

ஓயார்சுன் ஓரத்தில் பச்சை மையில் கேட்டிருந்தார்:
செறிவு எட்டப்பட்டதா? ஆமெனில் ஒரு பத்தி சேர்.
சேர்த்தேன்.
"பதினாறாவது நேர்காணலுக்குப் பின்
புதிய கருத்து எதுவும் வெளிப்படவில்லை."
என் ஆய்வேட்டில்
இலக்கணப் பிழையில்லாத வாக்கியம் அது.

வாய்மொழித் தேர்வில் ஏழுக்கு ஆறு புள்ளி இரண்டு.
வெளித்தேர்வாளர், வால்டிவியாவிலிருந்து வந்தவர்,
பின்னிணைப்பைப் புரட்டினார்.
பதினாறு, அடுத்தது பதினெட்டு என்றிருக்கிறதே?

தட்டச்சுப் பிழை என்றேன்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டி நின்று
யார் வீட்டுக்கோ விறகு இறக்கிக்கொண்டிருந்தது.
திருத்திவிடுங்கள் என்றார்.
இன்னும் திருத்தவில்லை.