பூண்டு வரக்கூடாத இடம்

இரவு இரண்டு மணிக்கு கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மிஷின் சுற்றத் தொடங்கும்.
உள்ளே முந்நூறு கிலோ காய்
ஏறி, வழுக்கி, விழும்.
ஏறி, வழுக்கி, விழும்.
பதினோரு வருஷம் அதன் வாயில் நின்றும்
அது மூன்று என்று எனக்குத் தெரியாது.

போன ஆடியில் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் டிரம்மர்
ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான்.
டிரம்ஸ் மட்டும் உருளைக்கிழங்கு மண்டி மாடியில்
சாக்கு போர்த்திக் கிடந்தது.
நான் அதுவரை
ஸ்பீக்கர் தூக்க, வயர் சுருட்டப் போய்வந்தவள்.
"ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ தட்டு" என்றான் ஹாலன்,
பேஸ் கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டே.
ஆள் கிடைக்கவில்லை.

நாலுக்கு நாலு சீக்கிரமே வந்தது.
அது நடை. கால் உள்ள யாருக்கும் வரும்.
பன்னிரண்டுக்கு எட்டுதான் சறுக்கியது:
நாலே அடி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் மூன்று.
ஹை-ஹாட்டில் பன்னிரண்டும்,
கிக் ஒன்றிலும் மூன்றிலும்,
ஸ்நேர் இரண்டிலும் நாலிலும்.
செல்போனில் பாதி வேகம் வைத்துக் கேட்டால்
யாரோ நொண்டி நொண்டிப் படியேறுகிற மாதிரி.

தகிட என்று எண்ணினால் வரும் என்றார்கள்.
என் வாயில் தகிட நிற்கவில்லை.
இது லோடு எண்ணுகிற வாய்.
அதனால்
கேரட்டு பீட்ரூட்டு முள்ளங்கி நூக்கோலு
கேரட்டு பீட்ரூட்டு முள்ளங்கி நூக்கோலு
என்று மூட்டை கட்டினேன், ஒருவரிடமும் சொல்லாமல்.
பீட்ரூட்டில் ஸ்நேர். நூக்கோலில் ஸ்நேர்.

பூண்டு மட்டும் வரக்கூடாது.
பூண்டுக்கு இரண்டே அசை.
ஆறு அடிக்குள் மூன்று பூண்டு புகுந்தால்
அதே ஆறுதான், ஆனால் தரை சாய்ந்துவிடும்.
ஹாலன் நிறுத்திவிட்டு
என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பான்.
கீபோர்டு சகாயமேரி மணி பார்ப்பாள்.

அப்புறம் என் இடது கை.
அதில் இரண்டு விரல் மிஷின் பெல்ட்டில் மாட்டியவை,
முழுதாக மடங்காது.
இரட்டையில் அடிக்கும்வரை குறை தெரியவில்லை:
வலது முன்னே போகும், இடது பின்னே வரும்,
சந்தைக்குப் போகும் புருஷன் பெண்டாட்டி மாதிரி.
மூன்றில் அது நடக்காது.
வலது இடது வலது என்று முடிந்தால்
அடுத்ததை இடதுதான் ஆரம்பிக்க வேண்டும்.
யாரும் போட்ட சட்டமில்லை, கணக்கு அப்படி.
உறைபனி விழுந்த தை முழுக்க
அறுத்த டயர்த் துண்டின் மேல்
அந்தக் கையை முன்னால் நிற்கப் பழக்கினேன்.
நின்றது. முறைத்தது. வீங்கியது.

ஃபில் என்றால் நிரப்புவதாம்.
எனக்கு அது கொண்டை ஊசி வளைவு.
ஒன்பது அடியில் திரும்பியாக வேண்டும்,
ஸ்நேரில் மூன்று, சின்ன டாமில் மூன்று, பெரிய டாமில் மூன்று.
ஒன்பது ஒற்றைப்படை.
ஆகவே அடுத்த சுற்றின் ஒன்று, அந்த க்ராஷ்,
இடது கையில் வந்து விழும்.
மண்டி மாடியில் ஒருமுறைகூட ஒழுங்காக விழுந்ததில்லை.

மாசியில், அருவங்காட்டில், ஒரு வரவேற்பு.
கதவு திறக்கும்போதெல்லாம் மணமக்களோடு
மேகமும் மேடையேறியது.
இரண்டாம் சரணம் முடிகிறது.
ஃபில்லுக்கு ஒரே ஒரு பீட்ரூட் தூரம்.
அந்த நேரம் பார்த்து பந்தியிலிருந்து
ரசம் மணந்து தொலைத்தது.

பூண்டு
பூண்டு
பூண்டு

கை போய்விட்டது. ஆறு அடி போச்சு.
மிச்சம் மூன்று இருக்கிறது என்று
தலைக்கு முன்னால் தோளுக்குத் தெரிந்து
கேரட்டு

மடங்காத இரண்டு விரலோடு இடது கை
க்ராஷின் மேல்,
ஒன்றின் மேல்.

தரை அங்கேயே இருந்தது.
ஹாலன் சுவரைத் தேடவில்லை, என்னைப் பார்த்தான்.

சாமான் கட்டும்போது கேட்டான்,
"அது என்ன ஃபில்?"
"பூண்டு."
"சாப்பாடு அப்புறம். அடிச்சது என்னன்னு கேட்டேன்."

மிஷினுக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
மேடை முழுக்க வயர் கிடந்தது.
இனி அதை யார் சுருட்டுவது என்று
அப்போதுதான் இரண்டு பேருக்கும் தோன்றியது.